நம் வீட்டில் கோள்கள் எத்தனை?

சென்ற திங்கள் இப்பகுதியில், ஊரிலிருக்கும் பெரியோர்க்குப் பிள்ளைகளைக் கொண்டே தமிழில் கடிதம் எழுதுவிக்க வேண்டும் என்று வலியுறுத்தினோம். இத்திங்கள் வானத்தைப் பற்றி எழுத நேர்ந்துள்ளது. ரயில்வே அலுவலகத்தில் கணக்கேடு புரட்டும் எழுத்தருக்கு வானநூலில் என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். வினா முறையானதே. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கொண்டவர் நாம். ஆயினும், ஓர் இரவு உணவு வேளையில் நம் வீட்டில் எழுந்த கேள்வி ஒன்று மூன்று திங்கள் வரை நம்மை விடாது தொடர்ந்தது. அக்கேள்வி உங்கள் இல்லத்திலும் எழக்கூடும். ஆதலின் நடந்ததை நடந்தவாறே உரைக்கிறோம்.

நம் மகனுக்கு வயது பத்து. பள்ளியில் சூரியக் குடும்பத்தைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. “கோள்கள் எத்தனை, சொல்லுங்கள் பார்ப்போம்” என்று அவன் பொதுவாக ஒரு வினாவை எழுப்பினான். மூலையில் அமர்ந்திருந்த நம் அன்னையார், “இது தெரியாதா? ஒன்பது. கோயிலில் நவக்கிரகத்தைச் சுற்றி வருகிறோமே!” என்றார். நாமும், “ஆம், ஒன்பதுதான்” என்று தொடங்கிப் புதன் முதல் புளூட்டோ வரை ஒப்பித்தோம். பையன் கைகொட்டிச் சிரித்தான். “ஆயா சொன்னதும் தப்பு, அப்பா சொன்னதும் தப்பு. எட்டு! உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இனி நான் உங்களைக் கேட்கவே மாட்டேன்” என்று கூறிவிட்டுக் கை கழுவச் சென்றான்.

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அச்சொல் நம் நெஞ்சில் தைத்தது. பிழைப்பின் பொருட்டு மைசூருக்கு வந்து குடியேறியவர்கள் நாம். பிள்ளைக்குத் தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் மட்டுமே தமிழ். அறிவு என்பது வெளியிலிருந்து வேறு மொழிகளில் வருவது, வீட்டிலிருப்போர்க்கு அதில் பங்கில்லை என்று ஒரு பிள்ளை முடிவு கட்டிவிட்டால், தமிழ் அவனுக்குச் சோறு கேட்கும் மொழியாகவும் திட்டு வாங்கும் மொழியாகவும் சுருங்கிப் போகும். வீட்டில் மூவரும் மூன்று கணக்குச் சொன்னோம். அவற்றுள் எது சரி, எது தவறு, ஏன் தவறு என்று கண்டறியாமல் விடுவதில்லை என உறுதி பூண்டோம்.

முதலில் நம் கணக்கை எடுத்துக்கொள்வோம். நாம் பள்ளியில் படித்த நாளில் கோள்கள் ஒன்பது என்றுதான் பாடநூல் கூறியது. 1930இல் கிளைடு டாம்போ என்னும் அமெரிக்க இளைஞர் புளூட்டோவைக் கண்டறிந்தார். அன்று முதல் எழுபத்தாறு ஆண்டுகள் அது ஒன்பதாவது கோளாக விளங்கிற்று. பின்னர், நெப்டியூனுக்கு அப்பால் அதனைப் போன்ற சிறிய பனி உருண்டைகள் பல இருப்பது தெரிய வந்தது. 2005இல் அறிவிக்கப்பட்ட ஏரிஸ் என்பது ஏறத்தாழப் புளூட்டோவின் அளவினதே. இதனைச் சேர்த்தால் பத்து; இன்னும் வருவனவற்றைச் சேர்த்தால் கணக்குக்கு முடிவில்லை. எனவே 2006 ஆகஸ்டு 24ஆம் நாள் பிராக் நகரில் கூடிய உலக வானியலார் ஒரு வரையறை வகுத்தனர். சூரியனைச் சுற்றி வரவேண்டும். தன் ஈர்ப்பினாலேயே உருண்டை வடிவம் பெற்றிருக்க வேண்டும். தன் பாதையில் தானே தலைமை பெற்று மற்றவற்றை அகற்றியிருக்க வேண்டும் என்பன அவை. மூன்றாவது தகுதி புளூட்டோவுக்கு இல்லை. அதனால் அது குறுங்கோள் என்ற வகையில் சேர்க்கப்பட்டது. நாம் படித்தது அந்நாளில் சரி, இந்நாளில் மாறிவிட்டது. பையனிடம் இதனை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டோம்.

அடுத்து அன்னையாரின் கணக்கு. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, ராகு, கேது என்னும் ஒன்பது அது. இதனை அறியாமை என்று தள்ளிவிடுதல் பெரும் பிழையாகும். வானத்தில் விண்மீன்கள் யாவும் தம்முள் இடம் மாறாமல் நிற்க, அவற்றினூடே இடம் மாறிச் செல்வனவற்றை முன்னோர் தனியே குறித்து வைத்தனர். வெறுங்கண்ணால் காண்போர்க்கு அவ்வாறு நகர்வன ஏழே: ஞாயிறும் திங்களும் ஐந்து கோள்களும். ராகுவும் கேதுவும் பொருள்கள் அல்ல. திங்களின் பாதையும் ஞாயிற்றின் பாதையும் வானத்தில் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகள். அவ்விடங்களின் அருகே இருசுடரும் வரும்போதுதான் கிரகணம் நிகழ்கிறது. ஆகவே அன்னையாரின் ஒன்பது, வானில் நகர்வனவற்றின் கணக்கு. பையனின் எட்டு, சூரியனைச் சுற்றுவனவற்றின் கணக்கு. இதில் ஞாயிறு நடுவில் நிற்கும் விண்மீன். திங்கள் பூமியைச் சுற்றும் துணைக்கோள். நாம் நிற்கும் பூமியே ஒரு கோள். யுரேனசும் நெப்டியூனும் பழைய கணக்கில் இல்லாமைக்குக் காரணம், முன்னது கூர்ந்த கண்ணுக்கும் அரிதாகவே புலப்படும். பின்னது தொலைநோக்கியின்றிப் புலப்படாது. 1781இல் வில்லியம் ஹெர்ஷல் யுரேனசைக் கண்டார். 1846இல் நெப்டியூன் கணக்கின் வழியே இடம் குறிக்கப்பெற்றுப் பின்னர் வானில் காணப்பெற்றது.

இதனைக் கூறியபோது, “அப்படியானால் ஆயாவுக்கு ஐந்து கோள் தெரியும்” என்று பையன் சற்று இறங்கி வந்தான். அப்போது அன்னையார் ஒரு கேள்வி கேட்டார்: “உன் புத்தகத்தில் வியாழன் ஒரு சுற்றுச் சுற்ற எத்தனை வருஷம் என்று போட்டிருக்கிறது?” அவன் புரட்டிப் பார்த்து, ஏறத்தாழப் பன்னிரண்டு என்றான். “அதனால்தான் கும்பகோணத்தில் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மகாமகம். 2004இல் நானும் உன் தாத்தாவும் போனோம். 2016இல் நான் மட்டும் போனேன்” என்றார் அன்னையார். “சனிக்கு எத்தனை?” என்றார் மீண்டும். புத்தகத்தில் இருபத்தொன்பதரை ஆண்டு என்றிருந்தது. “முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்லை, முப்பது வருஷம் தாழ்ந்தவனும் இல்லை என்று சொல்வது அதைத்தான்” என்றார். பையன் புத்தகத்தை மூடிவிட்டு அன்னையாரின் அருகே போய் அமர்ந்தான். மூன்று திங்களாக நாம் தேடியலைந்த மருந்து மூலையிலேயே இருந்தது.

கிழமைப் பெயர்களையும் இங்குக் கூறவேண்டும். பள்ளியில் கன்னடப் பாடத்தில் மங்கள, புத, குரு, சுக்ர, சனி என்று படித்த பையனுக்கு, அவையே நம் செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்பது தெரியாமலிருந்தது. செவ்வாய் என்றால் கிழமை, கோள் அன்று என்றே எண்ணியிருந்தான். நாள்காட்டியை எதிரே வைத்து, கன்னடக் கிழமையையும் தமிழ்க் கிழமையையும் நேர் நேராக எழுதச் சொன்னோம். மங்களவாரம் செவ்வாய், குருவாரம் வியாழன், சுக்ரவாரம் வெள்ளி. எழுதி முடித்தவுடன் ஐந்து கோள்களும் இரு மொழிகளிலும் அவனுக்கு வசமாயின. செந்நிறத்தால் செவ்வாய், வெண்ணிறத்தால் வெள்ளி என்று நிறத்தையே பெயராக வைத்த தமிழின் எளிமையும் விளங்கிற்று. பிள்ளைகளுக்கு இதற்கெனப் பட்டியல் எதுவும் வாங்க வேண்டா. சுவரில் தொங்கும் நாள்காட்டி போதும்.

அடுத்த வாரம் ஒரு நாள் விடியுமுன் அன்னையாரே பையனை எழுப்பி மொட்டை மாடிக்கு அழைத்துச் சென்றார். நாமும் பின்தொடர்ந்தோம். கிழக்கே கூரைகளுக்கு மேலே ஒரு சுடர் அசையாமல் ஒளிர்ந்துகொண்டிருந்தது. “அதுதான் விடிவெள்ளி. ஊரில் எங்களுக்குக் கடிகாரம் கிடையாது. இது எழும்பினால் எருமை கறக்க எழுந்துகொள்வோம்” என்றார். பையன் நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றான். வெள்ளியின் படத்தைப் பலமுறை வரைந்து வண்ணம் தீட்டியவன் அவன். வெள்ளியைக் கண்டது அன்றே முதன்முறை. விண்மீன் மினுக்கும், கோள் பெரும்பாலும் மினுக்காது என்பதையும் அன்றே கண்டுகொண்டான். வெள்ளியின் பாதை பூமியின் பாதைக்கு உட்புறம் அமைந்துள்ளது. அதனால் அது ஞாயிற்றை விட்டு நெடுந்தூரம் விலகுவதில்லை. விடியலிலோ அந்தியிலோ மட்டுமே தோன்றும், நள்ளிரவில் தோன்றாது. இக்காரணத்தை நாம் கூறினோம். அடையாளத்தை அன்னையார் கூறினார். இரண்டும் சேர்ந்ததே கல்வி.

ஆயினும் ஒரு தடை எஞ்சி நின்றது. சனியைக் காட்டச் சொன்னபோது அன்னையார் மறுத்துவிட்டார். “சனியைக் குழந்தை பார்க்க வேண்டா” என்றார். அச்சம் பெரியோரைக் கடந்து பிள்ளையையும் பற்றியது. சனி என்ற சொல்லைக் கேட்டாலே அவன் வாயைப் பொத்திக்கொள்ளத் தொடங்கினான். கோள்களின் நடையைக் கணித்த முன்னோரின் உழைப்பு வேறு. அதன்மேல் நாம் ஏற்றிக்கொண்ட அச்சம் வேறு. முன்னதைப் போற்றலாம், பின்னதைப் பிள்ளையின் தலையில் சுமத்துதல் தகாது. இதனை வாதாடி வெல்ல இயலாது என்பதை உணர்ந்து, நமக்குத் தெரிந்த தொழிலையே துணைக்கு அழைத்தோம்.

உறவினர் திருமணம் ஒன்றிற்குக் குடும்பத்துடன் பெங்களூர் செல்லவேண்டியிருந்தது. மைசூரிலிருந்து பெங்களூருக்கு இருப்புப் பாதை ஏறத்தாழ 138 கிலோமீட்டர். மைசூர் நிலையத்தில் சூரியன் இருப்பதாகவும், பெங்களூரில் கடைசிக் கோளாகிய நெப்டியூன் இருப்பதாகவும் கொண்டு, இடையிலுள்ள நிலையங்களில் மற்றக் கோள்களை நிறுத்தினால் என்ன என்று தோன்றியது. கணக்கிட்டோம். பாதையின் ஒரு கிலோமீட்டருக்கு வானத்தில் மூன்றே கால் கோடி கிலோமீட்டர் என்று வந்தது. அம்முறையில் சூரியன் 43 மீட்டர் குறுக்களவுள்ள உருண்டை. நம் மைசூர் அரண்மனையின் நடுக்கோபுரம் 145 அடி உயரம். அந்த உயரத்துக்குச் சற்றே குறைந்த நெருப்புப் பந்து என்று கொள்ளலாம்.

வண்டி புறப்பட்டது. பையன் கையில் தாளும் எழுதுகோலும். 1.8 கிலோமீட்டரில் புதன். உரிக்காத சிறிய தேங்காய் அளவு. 3.3 கிலோமீட்டரில் வெள்ளி, 4.6 கிலோமீட்டரில் பூமி. இவ்விரண்டும் தண்ணீர்க் குடத்தின் பருமன். பூமிக்கு 12 மீட்டர் தள்ளி, அதாவது பாதிப் பெட்டியின் நீளத்தில், உரித்த தேங்காயாகத் திங்கள். மனிதன் காலால் மிதித்துள்ள மிக நெடிய தொலைவு இந்தப் பாதிப் பெட்டிதான் என்றபோது வண்டியிலிருந்த பெரியவர்களும் திரும்பிப் பார்த்தனர். 7 கிலோமீட்டரில், நாகனஹள்ளியை அடையுமுன், கால்பந்து அளவில் செவ்வாய். 2013 நவம்பரில் புறப்பட்டு 2014 செப்டம்பரில் செவ்வாயை அடைந்த மங்கள்யான் கடந்தது பூமிக்கும் இக்கால்பந்துக்கும் இடையிலுள்ள வெளியைத்தான்; நேர்வழியே அன்றி, சூரியனைச் சுற்றிய வளைவழியே சென்றது.

அடுத்து வந்தது சீரங்கப்பட்டணத்துக் காவிரிப் பாலம். நம் கணக்குப்படி 10 முதல் 15 கிலோமீட்டர் வரை சிறுகோள்களின் கூட்டம். ஆற்றின் மணலையும் கூழாங்கல்லையும் காட்டி, “இவைபோல எண்ணிறந்தவை” என்றோம். அவற்றுள் பெரியதாகிய சீரிசு இந்த அளவில் ஒரு நெல்லிக்காயே. இங்கு ஒரு பெருமையையும் சொன்னோம். 1861 ஏப்ரலில் சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வு நிலையத்தில் போக்சன் என்பார் ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். ஆசியாக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதற் சிறுகோள் அது. அதனால் ஆசியா என்றே பெயர் பெற்றது. அதே நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரியார், 1874 டிசம்பர் 9ஆம் நாள் வெள்ளி சூரியனைக் கடக்கவிருந்ததைப் பொதுமக்களுக்கு விளக்க, உரையாடல் வடிவில் நூல் எழுதிப் பல மொழிகளில் பரப்பினார். பிள்ளைகளுக்கும் பெரியோர்க்கும் வானத்தை வீட்டு மொழியில் சொல்லவேண்டும் என்ற எண்ணம் நமக்குமுன் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே அவருக்கு இருந்திருக்கிறது.

பாண்டவபுரத்தின் பக்கம், 24 கிலோமீட்டரில் வியாழன். பெட்டியின் உயரமுள்ள பெரும் பந்து. பின்னர் நெடுநேரம் வயலும் கரும்பும் தவிர வேறொன்றுமில்லை. வானமும் அப்படித்தான், பெரும்பகுதி வெறுமையே. 44 கிலோமீட்டரில், வண்டி மண்டியாவை நெருங்கும்போது பையன், “சனி வந்துவிட்டது!” என்று உரக்கக் கூவினான். எதிரே அமர்ந்திருந்த கன்னடப் பெரியவர் திடுக்கிட்டு, எங்கள் ஊருக்கு ஏனப்பா சனியை அனுப்புகிறாய் என்று அவர் மொழியில் கேட்டார். பெட்டி முழுதும் சிரிப்பு. பையன் தாளை விரித்துக் கன்னடத்திலேயே அவருக்கு எல்லாவற்றையும் விளக்கினான். மூன்றரை மீட்டர் பந்து. அதனைச் சுற்றி எட்டு மீட்டருக்கு மேல் அகன்ற வளையம். வளையம் முழுதும் பெரும்பாலும் பனிக்கட்டித் துண்டுகள். வானத்தில் இதைவிட அழகிய கோள் இல்லை என்று முடித்தான். பெரியவர் மகிழ்ந்து, அவ்வளவு அழகானதென்றால் எங்கள் ஊரிலேயே இருக்கட்டும் என்று கூறி இறங்கிச் சென்றார். அன்னையார் சன்னல் வழியே மண்டியா நிலையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சன்னப்பட்டணத்துக்கும் ராமநகரத்துக்கும் இடையே, 88 கிலோமீட்டரில் யுரேனஸ். 1977 மார்ச் 10ஆம் நாள் இரவு யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துச் செல்வதை ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் நம் ஆய்வாளர்கள் நோக்கியிருந்தார்கள்; கோள் மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி ஒரு கணம் மங்கி மீண்டதைப் பதிவு செய்தார்கள். அதே இரவில் விமானத்தில் பறந்தவாறு நோக்கிய அமெரிக்கர்களும் அத்தகைய மங்கல்களைக் கண்டனர். யுரேனசுக்கும் வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்தது இவ்வாறே. ஊருக்குச் செல்லும் வண்டி வாணியம்பாடியைக் கடக்கையில் இனிப் பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லலாம்.

பெங்களூரில் நெப்டியூன். பையனைவிடச் சற்றே உயரமான நீலப் பந்து. புளூட்டோ அதற்கும் அப்பால் ஏறத்தாழ 44 கிலோமீட்டர், மாலூர்ப் பக்கத்தில், ஒரு சாத்துக்குடியளவில் கிடக்கிறது. கோள்கள் இவ்வாறு ஒரே வரிசையில் நிற்பதில்லை. தத்தம் தொலைவில் சுற்றிக்கொண்டேயிருக்கும் என்பதையும் மறவாமல் கூறினோம். இறுதியாக ஒன்று. இந்த அளவில் ஒளியின் வேகம் மணிக்கு 33 கிலோமீட்டரே. சூரிய ஒளி பூமிக்கு வர எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. நெப்டியூனை அடைய நான்கு மணி நேரத்துக்கு மேல். நம் வண்டி அதற்கு முன்பே பெங்களூர் சேர்ந்துவிட்டது. “அப்பா ஒளியைவிட வேகமான வண்டியில் வேலை செய்கிறார்” என்று பையன் திருமண வீட்டில் அனைவரிடமும் சொல்லித் திரிந்தான். நம் பணிக்கு இத்தகைய பெருமை இதுவரை கிட்டியதில்லை.

2023 ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரயான்-3 திங்களில் இறங்கியதை நாம் யாவரும் கண்டோம். அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தவர். ரயில்வே தொழில்நுட்பப் பணியாளர் ஒருவரின் மகன். ரயில்வே பள்ளியில் பயின்றவர். நம்மைப் போன்ற குடும்பங்கள் இதனை மறத்தலாகாது.

அன்பர்கட்கு நாம் வேண்டுவன சிலவே. பிள்ளைகள் கேட்கும்போது தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, அவர்களோடு சேர்ந்து தேடுங்கள். கோள்களின் பெயர்களை முதலில் தமிழிலும், உடனே கன்னடத்திலும் சொல்லிக் கொடுங்கள். சூரியனை மட்டும் வெறுங்கண்ணாலோ தொலைநோக்கியாலோ நேரே பார்க்க ஒருபோதும் விடாதீர்கள். கண்ணுக்கு மீளாக் கேடு விளையும். எளிய இருகண் நோக்கியைச் சுவரில் அணைத்து அசையாமல் பிடித்தால், 1610இல் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு திங்கள்களையும் நீங்களே காணலாம். பெங்களூரில் 1989 முதல் நேரு கோளரங்கமும், சென்னையில் 1988 முதல் பிர்லா கோளரங்கமும் உள்ளன. விடுமுறைக்குச் செல்லும்போது ஒரு நாளை ஒதுக்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டிலிருக்கும் பெரியோரை மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் நூலில் படியாததை வானத்தில் படித்தவர்கள்.

திருமணம் முடிந்து திரும்பிய சில நாள் கழித்து, அந்திக்குப் பின் அன்னையார் தாமே பையனை அழைத்தார். “வா கண்ணு, உன் மண்டியாக்காரனைக் காட்டுகிறேன்” என்று கூறி, மங்கலான மஞ்சள் நிறத்தில் அசையாது நின்ற ஒரு புள்ளியைச் சுட்டினார். பையன் வாயைப் பொத்தவில்லை. “வளையம் தெரியவில்லையே, ஆயா” என்றான். “எனக்கும் தெரியவில்லை. நீ பெரியவனாகி ஒரு கண்ணாடி வாங்கி எனக்குக் காட்டு” என்றார் அவர்.

அடுத்த திங்கள், விடுமுறையில் ஊர் செல்லும் பிள்ளைகள் அங்குக் கேட்டெழுதி வரவேண்டிய செய்திகளைப் பற்றிக் காண்போம்.